மெட்டும் போலீசும்: ஒரு ராப் பாடகரின் இரண்டாம் ஆல்பம் குறித்துச் சில குறிப்புகள்

'விலை போயிட்டான்யா' என்பது கலை விவகாரங்களில் மிகச் சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய வாக்கியம். சொல்பவருக்குக் காலணா செலவில்லை. எதையும் திரும்ப ஒருமுறை கேட்க வேண்டியதில்லை, படிக்க வேண்டியதில்லை. நம் மத்தியிலும் நன்றாகப் புழங்குகிற வாக்கியம்தான் இது. முந்நூறு பிரதி அச்சடிக்கும் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு வார இதழில் தொடர் எழுதப் போனபோது டீக்கடையில் நாம் என்ன பேசினோம் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். கிழக்கு லண்டனிலிருந்து வந்த பென் ட்ரூ என்ற ராப் பாடகர்மீதும் 2010இல் இதே வாக்கியம் வீசப்பட்டது. மேடைக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் 'பிளான் பி'. அவ்வாண்டு ஏப்ரலில் வந்த அவரது இரண்டாம் ஆல்பம் 'தி டெஃபமேஷன் ஆஃப் ஸ்ட்ரிக்லண்ட் பேங்க்ஸ்'. ஸ்ட்ரிக்லண்ட் பேங்க்ஸ்மீது சுமத்தப்பட்ட அவதூறு என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

2006இல் வந்த முதல் ஆல்பத்தில் ஒரு கிதாரை வைத்துக்கொண்டு ட்ரூ சொன்னவை அனைத்தும் தெருவின் அழுக்குக் கதைகள். கத்தி, ஊசி, சீரழிந்த குடும்பம், சிறுவர்களின் கொடூரம். விமர்சகர்கள் பாராட்டினார்கள், வாங்கியவர்கள் குறைவு. இரண்டாம் ஆல்பத்தில் ஆளே மாறிப்போனார். ஒட்டவெட்டிய தலை, பொருத்தமாகத் தைத்த கோட்டு, டை. பின்னால் பித்தளை வாத்தியங்களும் வயலின்களும். 1960களின் கறுப்பின சோல் இசையை நினைவூட்டும் மெட்டுகள். ஆல்பம் வெளிவந்த வாரமே பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2011இல் அந்நாட்டின் சிறந்த ஆண் பாடகருக்கான பிரிட் விருது அவருக்கு.

ஆக, விலை போனது உண்மைதானே என்று கேட்கலாம். விலை போனாரா இல்லையா என்பதில் எனக்கு அக்கறையில்லை. வாங்கியது யார், அதே கடையில் அதே வாரம் வேறு யாருடைய சரக்கை வாங்க மறுத்தார்கள் என்பதுதான் கேள்வி. ஒருவர் மெட்டுக்கு மாறும்போது அவருக்கு எந்தக் கதவு திறக்கிறது, அந்தக் கதவு யார் முகத்தில் சாத்தப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது இந்த ஆல்பம் ஒரு தனிமனிதரின் ருசி மாற்றமாக இல்லாமல் ஒரு காலகட்டத்தின் ஆவணமாகத் தெரியத் தொடங்குகிறது.

முதலில் ஆல்பத்தைப் பார்ப்போம். பதின்மூன்று பாடல்கள், ஒரே கதை. ஸ்ட்ரிக்லண்ட் பேங்க்ஸ் என்று ஒரு கற்பனை சோல் பாடகர். காதல் பாட்டுப் பாடிப் பேர் வாங்கியவர். ரசிகை ஒருத்தியோடு ஓர் இரவு கழிகிறது. பிறகு அந்தப் பெண் அவர்மீது பாலியல் வல்லுறவுக் குற்றம் சாட்டுகிறாள். அவர் குற்றமற்றவர் என்று ஆல்பம் நமக்குச் சொல்லிவிடுகிறது; நீதிமன்றத்துக்கு அது தெரியவில்லை. சிறை. உள்ளே மிரட்டல், ஒரு கொலை, குற்றவுணர்வு, பிரார்த்தனை. இதுதான் கதை. சினிமாக் கதை மாதிரி இருக்கிறதே என்றால், ஆமாம், ட்ரூ சினிமாக்காரரும்கூட.

இதில் ராப் எந்த இடத்தில் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். 'ஷீ செட்' என்ற பாட்டுதான் அதிகம் ஓடியது; பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. அதில் பேங்க்ஸ் உச்சத்தில் மெலிந்து இழையும் குரலில் பாடுகிறார். 'கள்ளக் குரல்' என்று நம்மூர்ப் பாட்டு வாத்தியார்கள் கண்டிப்பார்களே, அந்தக் குரல். ஸ்மோக்கி ராபின்சன் போன்ற கறுப்பினப் பாடகர்கள் ஆண்மையின் முரட்டுத்தனத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடக் கண்டெடுத்த குரல் அது. அந்தக் குரலில் காதல் விவகாரம் போய்க்கொண்டே இருக்கிறது. கதை நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் மெட்டு ஒதுங்கிக்கொள்கிறது, ராப் வந்துவிடுகிறது. கூண்டில் ஏற்றப்பட்டவன் பாடுவதில்லை, பேசுகிறான். மூச்சு விடாமல், அவசரமாக. மயக்குவதற்கு மெட்டு, வாக்குமூலத்துக்கு ராப் என்று ஒரு பங்கீடு. ட்ரூ திட்டமிட்டுச் செய்தாரா தெரியாமல் செய்தாரா என்பது கிடக்கட்டும். சமூகம் இவ்விரண்டு குரல்களுக்கும் எந்தெந்த இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது என்பதை அந்தப் பாட்டின் கட்டுமானமே சொல்லிவிடுகிறது. ஒன்று மேடைக்கு, மற்றது கூண்டுக்கு.

பாப் மெட்டைக் கண்டதும் அடோர்னோவைத் துணைக்கு அழைப்பது நம் சிறுபத்திரிகை வழக்கம். வெகுசன இசை ஒரே அச்சில் வார்க்கப்பட்டது, அடுத்து என்ன வரும் என்று கேட்பவனுக்கு முன்பே தெரியும், அவனுடைய கேட்டலையும் சேர்த்தே தொழிற்சாலை செய்து கொடுத்துவிடுகிறது என்று 1941இல் எழுதினார். இந்த ஆல்பத்துக்கும் அது ஓரளவு பொருந்தும். ஆனால் அந்த அச்சை வார்த்தது யார், அது எந்த ஊரிலிருந்து வந்தது, வழியில் யார் கையெல்லாம் பட்டது என்ற கேள்விகளுக்கு அடோர்னோவிடம் பதிலில்லை. ஜாஸ் குறித்து அவர் எழுதியவற்றைப் படித்தவர்களுக்கு அவருடைய காது எந்த இடத்தில் அடைத்துக்கொள்ளும் என்பது தெரியும்.

*

ட்ரூ பிறந்தது 1983இல், ஃபாரஸ்ட் கேட் பகுதியில். நியூஹாம் என்ற கிழக்கு லண்டன் நகராட்சிக்குள் அடங்கிய இடம். பக்கத்திலேயே ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க். நம்மில் பலருக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல. ஈழத்திலிருந்து போனவர்களின் மளிகைக் கடைகளும் நகைக்கடைகளும் தோசைக் கடைகளும் உள்ள ஈஸ்ட் ஹாம் கடைத்தெரு, மேனர் பார்க்கில் கோபுரத்தோடு நிற்கிற முருகன் கோயில், எல்லாம் அந்த நகராட்சிக்குள்தான். ஏழைத் தொழிலாளர்கள் அலையலையாக வந்து இறங்கிய பிரதேசம். அங்கு வளரும் வெள்ளைக்காரப் பையன் கறுப்பினப் பையன்களோடும் ஆசியப் பையன்களோடும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ், ஒரே வானொலி என்றுதான் வளர்வான். ட்ரூ வழக்கமான பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 'கட்டுக்கடங்காத' பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கும் தனி மையத்தில் படித்தவர். கறுப்பின இசை அவருக்கு எங்கோ தூரத்திலிருந்து எடுத்துவந்த சரக்கல்ல, அடுத்த வீட்டுச் சத்தம்.

ஃபாரஸ்ட் கேட்டுக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. 1966 டிசம்பர் 26 அன்று அங்கிருந்த 'அப்பர் கட்' என்ற கிளப்பில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தார். அமெரிக்காவில் கவனிப்பாரில்லாமல் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த கறுப்பினக் கலைஞன் பெயர் வாங்கியது லண்டனுக்கு வந்த பிறகுதான். இதை வைத்து 'வெள்ளைக்கார இங்கிலாந்து கறுப்பின இசையை வாழவைத்தது' என்று ஒரு கதையாடல் உண்டு. ஆங்கிலேயருக்குப் பிடித்தமான கதையாடல். அதில் பொய் மட்டுமே இருக்கிறது என்று தள்ளிவிட முடியாது.

1965 மார்ச்சில் மோட்டவுன் நிறுவனத்தின் பாடகர்கள் முதன்முறையாகப் பிரித்தானியாவைச் சுற்றி வந்தார்கள். சுப்ரீம்ஸ், ஸ்டீவி வொண்டர், ஸ்மோக்கி ராபின்சன் எல்லாரும் அதில் உண்டு. லண்டனுக்கு வெளியே பல ஊர்களில் அரங்கு பாதிகூட நிறையவில்லை. அவர்களைத் தொலைக்காட்சியில் ஒரு தனி நிகழ்ச்சியாகக் கொண்டுவந்து அறிமுகப்படுத்தியவர் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற வெள்ளைக்காரப் பாடகி. அதற்குச் சில மாதங்கள் முன்னால், 1964 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவில் நிறம் பிரித்து உட்காரவைத்த கூட்டத்தின் முன் பாடமாட்டேன் என்று சொன்னதற்காக அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். கடன் வாங்கியவர், வாங்கிய இடத்தை மறக்கவில்லை.

அதைவிடச் சுவாரசியமானது வடக்கு இங்கிலாந்தின் கதை. பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் இருந்த ஊர்களில், வாரம் முழுக்க உழைத்துக் களைத்த வெள்ளைத் தொழிலாளி இளைஞர்கள் சனிக்கிழமை இரவு அமெரிக்கச் சோல் தட்டுகளுக்கு விடியவிடிய ஆடினார்கள். 1973இலிருந்து 1981 வரை நடந்த விகன் கேசினோ அரங்கம் இதன் கோயில். அங்கு சாராயம் கிடையாது. விழித்திருக்க மாத்திரை போட்டுக்கொண்டார்கள், அது வேறு விஷயம். வேடிக்கை என்னவென்றால், இவர்கள் தேடித் தேடி ஆடியது அமெரிக்காவில் தோற்றுப்போன தட்டுகளுக்கு. டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் ஏதோ ஒரு சிறு நிறுவனம் போட்டு, யாரும் வாங்காமல் கிடங்கில் மக்கிய தட்டுகள். இந்த ரசனைக்கு 1970இல் 'நார்தர்ன் சோல்' என்று பெயர் வைத்தவர் டேவ் கோடின் என்ற லண்டன் இசைக்கடைக்காரர். தோற்றவர்களின் இசையைத் தோற்றவர்கள் கண்டெடுத்தார்கள் என்று உருகலாம். உருகிக்கொண்டே இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அரிய தட்டுகளின் கள்ளப் பிரதிகள் அங்கு தாராளமாகப் புழங்கின. பாடியவர் கைக்குப் பைசா போகவில்லை. விகனில் தன் பாட்டு பிரபலம் என்பதே தெரியாமல் எத்தனையோ பேர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்பும் உண்டு, சுரண்டலும் உண்டு, ரெண்டும் ஒரே கையில். பால் கில்ராய் போன்றவர்கள் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் கறுப்பினப் பண்பாட்டைப் பற்றி எழுதும்போது இந்தச் சிக்கலை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். 'அவங்க இசை, இவங்க திருடிட்டாங்க' என்பதோடு முடிவதில்லை அது. 'இசைக்கு ஏதுங்க நிறம்' என்பதும் நம்மை எங்கும் கொண்டுபோகாது.

2006க்கு வருவோம். ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' வந்தது. அதுவும் இரண்டாம் ஆல்பம்தான். அறுபதுகளின் சோல் ஒலி அதன்மூலம் மறுபடியும் சந்தைக்குப் போனது. 2008இல் டஃபி, அடெல். வெள்ளைக்காரக் குரல்களில் சோல் வந்து வரிசையாக நின்றது. ட்ரூவின் ஆல்பத்துக்குச் சந்தை தயாராகக் காத்திருந்தது இதனால்தான். வைன்ஹவுஸின் ஆல்பத்தில் பல பாடல்களுக்கு வாசித்தவர்கள் 'டேப் கிங்ஸ்' என்ற புரூக்ளின் குழுவினர். அவர்கள் உண்மையில் ஷரோன் ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பாடகியின் வாத்தியக் குழு. ஜோன்ஸ் சாதாரணப் பாடகி அல்ல. ஆனாலும் நாற்பது வயதை எட்டும்வரை அவருக்கு ஆல்பம் அமையவில்லை. நீ ரொம்பக் கறுப்பு, ரொம்பக் குண்டு, ரொம்பக் குட்டை, வயசும் ஆயிடுச்சு என்று இசை நிறுவனத்தார் தன்னை ஒதுக்கியதை அவர் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். வயிற்றுப்பாட்டுக்கு அவர் பார்த்த வேலைகளில் ஒன்று நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலர் உத்தியோகம். ஸ்ட்ரிக்லண்ட் பேங்க்ஸ் என்ற வெள்ளைக்காரச் சோல் பாடகரைக் கற்பனைச் சிறைக்குள் அனுப்பிப் பாடவைத்தால் பத்து லட்சம் விற்கிறது. நிஜச் சிறையில் சாவிக்கொத்தோடு நின்றுகொண்டிருந்த சோல் பாடகி 2016இல் புற்றுநோயில் இறக்கும்வரை ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தார். லண்டனில் பிறந்த கறுப்பினப் பாடகி எஸ்டெல் 2008இல், 'இதைத்தான் சோல் என்று எனக்கே சொல்லித் தருகிறீர்களா' என்ற தொனியில் டஃபி, அடெல் பற்றிக் கேட்டபோது அவரைப் பொறாமைக்காரி என்றார்கள்.

*

இனி போலீஸ். தலைப்பில் போட்டுவிட்டு இவ்வளவு நேரம் கண்ணில் காட்டாததற்கு மன்னிக்கவும்.

ட்ரூவின் இரண்டாம் ஆல்பம் வந்தது 2010 ஏப்ரலில். அதே ஆண்டு ஜூனில் லண்டனின் இன்னொரு ராப் பாடகருக்கும் இரண்டாம் ஆல்பம் வந்தது. தென் லண்டனின் பெக்கம் பகுதியைச் சேர்ந்த கிக்ஸ். கறுப்பினத்தவர். துப்பாக்கி வைத்திருந்த வழக்கில் நிஜமாகவே சிறை போய் வந்தவர். தடித்த, நிதானமான குரல். மெட்டின் பக்கம் அதிகம் சாயாதவர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் நாடு முழுக்கச் சுற்றிப் பாடுவதாக இருந்தது. போலீஸ் எச்சரிக்கை கொடுத்தது, சுற்றுப்பயணம் ரத்தானது. அவரை ஒப்பந்தம் செய்யும் முன்பே இசை நிறுவனத்துக்குப் போலீஸ் தரப்பிலிருந்து அழைப்பு போனதாகவும் அப்போது செய்தி வந்தது. சிறையில் இருப்பதாகப் பாசாங்கு செய்தவர் மேடை மேடையாகப் பாடுகிறார். சிறையிலிருந்து வெளியே வந்து பாட்டுப் பாடிப் பிழைக்கப் பார்த்தவருக்கு மேடை இல்லை. ஒரே நகரம், ஒரே பருவம்.

இது தற்செயல் அல்ல. இதற்கு ஒரு படிவமே இருந்தது. படிவம் 696. லண்டன் பெருநகரப் போலீஸ் 2005இல் கொண்டுவந்தது. இசை நிகழ்ச்சிகளில் நடந்த துப்பாக்கிச் சூடுகளைத் தடுப்பதற்கு என்று சொன்னார்கள். நிகழ்ச்சிக்கு 14 நாள் முன்பாக, பாடுபவர்கள், தட்டு சுழற்றுபவர்கள் எல்லாருடைய நிஜப் பெயர், மேடைப் பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண் அனைத்தையும் எழுதிக்கொடுக்க வேண்டும். தொடக்க காலப் படிவத்தில், என்ன வகை இசை என்ற கேள்வியோடு உதாரணத்துக்கு அச்சடித்திருந்தவை கறுப்பின இளைஞர்களின் இசை வகைகள். வரப்போகும் கூட்டம் எந்த இனத்தைச் சேர்ந்தது என்றும் ஒரு கேள்வி. எதிர்ப்பு வந்தபின் இனம் பற்றிய கேள்வியை எடுத்தார்கள். நாடாளுமன்றக் குழு 2009இல் இந்தப் படிவமே கூடாது என்றது. ஆனாலும் 2017 நவம்பர் வரை அது உயிரோடு இருந்தது. அரங்கு வைத்திருப்பவருக்கு உரிமம் முக்கியம். போலீஸ் முகம் சுளித்தால் அவர் நிகழ்ச்சியை விட்டுவிடுவார். யாரும் எதையும் தடைசெய்ததாக எழுத்தில் எங்கும் இருக்காது. அதிகாரம் இப்படிப் பூசினாற்போல வேலை செய்வது நமக்கு ஒன்றும் புதிதல்ல.

வானொலிக்கும் இதே கதிதான். கிழக்கு லண்டனின் அடுக்குமாடிகளில் ஆன்டெனா கட்டி நடத்திய திருட்டு வானொலிகளில்தான் 'கிரைம்' என்ற லண்டன் ராப் பிறந்தது. குற்றத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லல்ல இது. கரி, அழுக்கு என்று பொருள்படுவது. ஸ்லிம்ஸி என்ற வானொலிக்காரருக்கு 2005இல், நாலு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் மொட்டைமாடிக்கு அனுமதியில்லாமல் ஏறக்கூடாது என்று ஓர் உத்தரவே போட்டார்கள். மொட்டைமாடிக்குத் தடை! சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மொட்டைமாடிதான் அந்த இசையின் அச்சகம்.

ஆக, கிளப் மூடியாயிற்று, மொட்டைமாடி மூடியாயிற்று. மிஞ்சியிருக்கும் வழி எது? மெட்டு. பளபளப்பான நடனத் தாளம், ஒரு பெண் குரலில் பல்லவி, பகல் நேர வானொலி. 2007இல் ஈஸ்ட் ஹாமைச் சேர்ந்த கானோ தன் இரண்டாம் ஆல்பமான 'லண்டன் டவு'னில் கிரெய்க் டேவிட்டையும் டேமன் ஆல்பார்னையும் கூட்டிவைத்துப் பாப் பக்கம் வந்தார். பழைய ரசிகர்கள் திட்டினார்கள், புதியவர்களும் பெரிதாக வரவில்லை. 2009இல் டிஸி ராஸ்கல், டிஞ்சி ஸ்ட்ரைடர், சிப்மங்க் என்று ஒருவர் பின் ஒருவராக நடன மெட்டுகளோடு முதலிடம் பிடித்தார்கள். மெட்டுக்குப் போனது பேராசையால் மட்டும் என்று எழுதிய விமர்சகர்களில் எத்தனை பேர் அந்தப் படிவத்தைப் பார்த்திருப்பார்கள்?

ஸ்டுவர்ட் ஹாலும் அவரது சகாக்களும் 1978இல் எழுதிய 'போலீசிங் தி கிரைசிஸ்' நூல் இங்கு நினைவுக்கு வர வேண்டும். 1972-73இல் 'வழிப்பறி' என்ற சொல்லைச் சுற்றி எழுந்த பீதியை அவர்கள் ஆராய்ந்தார்கள். நெருக்கடியில் சிக்கிய அரசு தன் அதிகாரத்துக்குச் சம்மதம் திரட்டக் கறுப்பின இளைஞனின் முகத்தை எப்படிப் பயன்படுத்தியது என்று காட்டினார்கள். முப்பது ஆண்டு கழித்து, அந்த முகத்தின் இடத்தில் அந்த முகத்தின் இசையை வைத்தார்கள். 2000களில் அந்தப் பீதிக்குள் வெள்ளைக்கார ஏழைப் பையன்களும் சேர்க்கப்பட்டார்கள். 'சேவ்' என்று ஒரு வசைச்சொல் பத்திரிகைகளில் கூச்சமில்லாமல் புழங்கியது. அரசுக் குடியிருப்பில் வாழ்கிற, தலையை மூடிய சட்டை போட்ட, 'உருப்படாத' வெள்ளைக்காரர்கள் என்று அர்த்தம். ட்ரூவே 2009இல் வந்த 'ஹாரி பிரவுன்' படத்தில் அப்படிப்பட்ட ஒரு பையனாகத்தான் வருகிறார். மைக்கேல் கெய்ன் நடித்த முதியவர், குடியிருப்பின் கொடிய இளைஞர்களைத் தீர்த்துக்கட்டக் கிளம்புகிற படம். நவம்பரில் திரையில் தலையை மூடிய சட்டையோடு வந்தபோது நடுங்கிய அதே நடுத்தர வர்க்கம், ஏப்ரலில் கோட்டு போட்டுப் பாடியபோது தட்டு வாங்கியது. முகம் ஒன்றே. அவர் வெள்ளைக்காரர் என்பதால் கோட்டை மாட்டியதும் சந்தேகம் கழன்றுகொண்டது. கிக்ஸ் கோட்டு போட்டிருந்தால் கழன்றிருக்குமா?

*

இதுவரை சொன்னதில் ஒருவர் விட்டுப்போயிருக்கிறார். அந்தப் பெண். ஆல்பத்தின் மொத்த இயந்திரமும் அவள் சொன்ன பொய்யில்தான் ஓடுகிறது. அவளுக்குப் பெயர் இல்லை. 'அவள் சொன்னாள்' என்பதுதான் பாட்டின் தலைப்பே, ஆனால் அவள் சொல்வதை அவன்தான் நமக்குச் சொல்கிறான். இந்த ஆல்பம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2010 மார்ச்சில், பிரித்தானியாவில் பாலியல் வல்லுறவுப் புகார்களை அரசு அமைப்புகள் கையாளும் விதம் பற்றிய ஸ்டெர்ன் அறிக்கை வெளியானது. புகார் செய்தவற்றில் சுமார் 6 சதவீதம்தான் வல்லுறவுக் குற்றத் தீர்ப்பில் முடிகின்றன என்ற புள்ளிவிவரம் அப்போது எங்கும் பேசப்பட்டது. அந்த எண்ணை மட்டுமே பிடித்துக்கொண்டிருப்பதை அறிக்கை ஏற்கவில்லை. பாதிக்கப்பட்டவரைக் கவனித்துக்கொள்வதற்கு முதலிடம் கொடுக்கச் சொன்னது. அடுத்து மே மாதம் பதவிக்கு வந்த கூட்டணி அரசு செய்த முதல் அறிவிப்புகளில் ஒன்று, வல்லுறவு வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஆணின் பெயரை வெளியிடாமல் காப்போம் என்பது. பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன, நவம்பரில் கைவிட்டார்கள். பிறகு அரசு வழக்குத் தொடுப்புத் துறையே கணக்குப் பார்த்து 2013இல் வெளியிட்டது: 17 மாதங்களில் வல்லுறவுக்காக 5,651 வழக்குகள், பொய்யாக வல்லுறவுப் புகார் கொடுத்ததற்காக 35 வழக்குகள்.

கற்பனைக் கதைக்குக் கணக்குக் காட்டலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். அப்பாவி சிறைக்குப் போகும் கதையை எழுதக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அப்பாவி உள்ளே போவதற்கு ஆயிரம் வழிகள் அந்த நகரத்தில் இருந்தன. தெருவில் நிறுத்திச் சோதிக்கும் போலீஸ், தோல் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் நடுவர், பணமில்லாதவனுக்குக் கிடைக்கும் வக்கீல். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ட்ரூ தேர்ந்தெடுத்தது ஒரு பொய்க்காரப் பெண்ணை. அரசு நிரபராதியாகிவிடுகிறது, பெண் குற்றவாளியாகிறாள். பத்து லட்சம் வீடுகளுக்குள் அந்தக் கதை நெருடாமல் நுழைந்ததற்கு மெட்டு மட்டும் காரணமாக இருக்க முடியாது. ட்ரூ மெட்டுக்குப் போனதில் எனக்குப் புகாரில்லை. என் புகார் இதுதான்.

2011 ஆகஸ்ட் 4 அன்று டாட்டன்ஹாமில் மார்க் டக்கன் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. இரண்டு நாள் கழித்து லண்டன் எரிந்தது. பிறகு வேறு நகரங்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள். தொலைக்காட்சியில் வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டார்க்கி வந்து, வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களாகிவிட்டார்கள், அதுதான் பிரச்சினை என்றார். ராப் பண்பாட்டையும் தெருமொழியையும் பழித்தார். டாட்டன்ஹாமின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினரைப் பற்றி அவர் சொன்னது இன்னும் முக்கியம்: அவர் பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வெள்ளைக்காரர் என்றே நினைப்பீர்கள் என்று பாராட்டினார். ஆக, நிறம் தோலில் இல்லை, குரலில் இருக்கிறது! அறுபதுகளின் கறுப்பினக் குரலில் பாடி விருது வாங்கிய வெள்ளைக்காரப் பையனை அதே ஆண்டு பிப்ரவரியில் மேடையேற்றிக் கொண்டாடிய நாடு இது. பழைய கறுப்புக் குரல் பாரம்பரியம், இன்றைய கறுப்புக் குரல் தொற்றுநோய்.

ட்ரூ கோட்டைக் கழற்றினார். 2012 மார்ச்சில் 'இல் மேனர்ஸ்' என்ற பாட்டு வந்தது. மெட்டுக் கிட்டத்தட்ட இல்லை; ஜெர்மன் பாடகர் பீட்டர் ஃபாக்ஸின் பாட்டிலிருந்து எடுத்த தந்தி வாத்திய வெறியோட்டம். ஃபாக்ஸ் அதை எடுத்தது ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனியிலிருந்து, முற்றுகையில் பட்டினி கிடந்த லெனின்கிராடில் 1942 ஆகஸ்டில் வாசித்தார்களே, அதிலிருந்து. அந்தப் பாட்டில் ட்ரூ கலவரத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை, கண்டனமும் தெரிவிக்கவில்லை. குடியிருப்புப் பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகள் சொல்வதையே எடுத்துக் கேலியாகத் திருப்பி வீசினார். 'சேவ்' என்பது இனவசை போன்ற ஒரு வசைதான் என்று நேர்காணல்களில் சொன்னார். அதே பெயரில் ஒரு படமும் இயக்கினார், ஆல்பமும் வந்தது. அதுவும் முதலிடம் போனது. கலவரத்தைப் பற்றிய மிகக் கோபமான பாட்டு நாட்டின் பிரதான வானொலியில் ஒலித்தது, இரண்டு வருடத்துக்கு முன் கோட்டு போட்டுப் பாடி அவர் சேர்த்த மூலதனத்தால்தான். முதல் ஆல்பத்தோடு நின்றிருந்தால் அவர் குரலைக் கேட்க யார் உட்கார்ந்திருப்பார்கள்? அந்த மூலதனம் கிக்ஸுக்குக் கிடைக்கவில்லை, கானோவுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு தகவல். ஸ்ட்ரிக்லண்ட் பேங்க்ஸ் கதையை ட்ரூ இரண்டு தட்டுகளாகவே யோசித்திருந்தார். ஒன்று சோல். மற்றது அதே கதையை ராப்பில் சொல்வது. பெயர் 'தி பேலட் ஆஃப் பெல்மார்ஷ்'. பெல்மார்ஷ் என்பது தேம்ஸ் ஆற்றுக்குத் தென்கரையில், நியூஹாமுக்கு ஏறக்குறைய எதிர்ப்புறமாக இருக்கும் உச்சப் பாதுகாப்புச் சிறை. நிறுவனம் இரட்டை ஆல்பத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சோல் பாதி வந்தது, விற்றது. ராப் பாதி வருகிறது வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வரவேயில்லை. கூண்டில் நிற்பவன் மெட்டை விட்டுவிட்டுப் பேசுகிற அந்தச் சில வரிகள்தான் அதிலிருந்து நம் காதுக்கு எட்டியவை.